தானே நிமிராத ட்ரோன்: ஆக்ரோ முறையில் பறக்கவிடக் கற்பது

படம்பிடிக்கும் ட்ரோனில் பழகியவர், ஏதேனும் குழப்பம் வந்தால் ரிமோட்டின் இரு ஸ்டிக்குகளையும் விட்டுவிடுவார். ட்ரோன் அந்தரத்தில் அப்படியே நின்று அவருக்காகக் காத்திருக்கும். ஆக்ரோ எனப்படும் முறையில் அதே பழக்கத்தைக் கைக்கொண்டால், வலப்பக்கம் 20 பாகை சாய்ந்திருந்த ட்ரோன் அந்தச் சாய்வு மாறாமலேயே வலப்புறம் வழுக்கிக்கொண்டு போய் எதிலாவது மோதும். முன்னதில் ஸ்டிக்கின் நிலை, ட்ரோன் எவ்வளவு சாய வேண்டும் என்பதைச் சொல்கிறது. பின்னதில் அது எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆகவே ஸ்டிக் நடுவுக்குத் திரும்பினால் முன்னதில் ‘நிமிர்ந்து நில்’ என்று பொருள். பின்னதில் ‘இப்போதுள்ள சாய்விலேயே இரு’ என்று மட்டுமே பொருள். சாய்க்க ஓர் அசைவு, நிமிர்த்த எதிர்ப்பக்கம் இன்னோர் அசைவு என்ற இந்த இரட்டைப் பழக்கத்தை விரல்களில் ஏற்றுவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

உண்மையில் எது விலக்கப்படுகிறது

‘உதவிகள் இல்லாமல் பறப்பது’ என்று சொல்வது சற்றே மிகைதான். வழக்கமான ட்ரோனில் ஜி.பி.எஸ். இடத்தைப் பிடித்து வைக்கிறது, காற்றழுத்த உணரி உயரத்தைக் காக்கிறது, கீழ்நோக்கிய சிறு கேமரா தரையின் நகர்வைக் கவனிக்கிறது, முடுக்கமானி கீழ்த்திசை எது என்று கண்டு உடலை நிமிர்த்துகிறது. ஆக்ரோ முறையில் இந்த நான்கும் ஒதுங்கிக்கொள்கின்றன. ஜைரோ மட்டும் ஒதுங்குவதில்லை. வினாடிக்குப் பல ஆயிரம் முறை அது சுழற்சி வேகத்தை அளந்து சொல்ல, அதைக் கொண்டு உள்ளே இருக்கும் சிறு கணினி நான்கு மோட்டார்களின் வேகத்தையும் திருத்திக்கொண்டே இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் நான்கு சுழலிகள் கொண்ட ஊர்தியை மனிதக் கையால் அடக்கிவிட முடியாது. 1907இல் பிரான்சில் ப்ரெகே சகோதரர்களும் சார்ல் ரிஷேயும் உருவாக்கிய நான்கு சுழலி ஊர்தி தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. எழுந்தபோது, அதன் மூலைகளில் ஆட்கள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆட்களின் வேலையைத்தான் இன்று ஜைரோ செய்கிறது. ஆகவே கற்பவர் தன் கையால் ட்ரோனை நடுங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை; எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பு மட்டுமே அவருடையது.

தானாக நிமிரும் ஆங்கிள் முறையில் ட்ரோன் பொதுவாக 55 அல்லது 60 பாகைக்கு மேல் சாயாது. ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும் அந்த எல்லையில் நின்றுவிடும். கரணம் அடிப்பதும், உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்வதும், மரங்களுக்கிடையே ஒரே வளைவில் நழுவிச் செல்வதும் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஹொரைசன் என்றொரு முறை உண்டு. ஸ்டிக் நடுவை ஒட்டியிருக்கும்போது நிமிர்த்தும், ஓரத்துக்குப் போனால் கரணம் அடிக்க விடும். கற்பவருக்கு அது வசதியாகத் தோன்றலாம். ஆனால் ஒரே அசைவு இடத்துக்கு இடம் வேறு விளைவைத் தருவதால், விரல்கள் எதையும் உறுதியாகக் கற்றுக்கொள்வதில்லை. அதைத் தொடாமலேயே விட்டுவிடுவது நல்லது.

கையில் இருக்க வேண்டியவை

ட்ரோனை வாங்குவதற்கு முன் ரிமோட்டை வாங்குங்கள். யு.எஸ்.பி. வழியாகக் கணினியில் இணைத்து, ஜாய்ஸ்டிக்காகப் பயன்படுத்தக்கூடியதாக அது இருக்க வேண்டும். பின்னர் எந்த ட்ரோனை வாங்கினாலும் அதே ரிமோட், அதே ஸ்டிக்குகளின் இறுக்கம், அதே விரல் நினைவு என்று தொடரலாம். பரவலாக உள்ள மோடு 2 அமைப்பில் இடப்புற ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவு மோட்டார் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், அதன் இட-வல அசைவு மூக்கைத் திருப்பும் யாவ். வலப்புற ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவு முன்பின் சாய்க்கும் பிட்ச், அதன் இட-வல அசைவு பக்கவாட்டில் சாய்க்கும் ரோல். த்ராட்டில் மட்டும் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். படம்பிடிக்கும் ட்ரோன்களின் ரிமோட்டில் அதுவும் சுருள்வில்லால் நடுவுக்குத் திரும்பிவிடும் என்பதால், அந்த வகை ரிமோட் இந்தப் பயிற்சிக்கு உதவாது. கட்டைவிரல் நுனியை மட்டும் ஸ்டிக்கின் மேல் வைத்துப் பிடிப்பதா, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கிள்ளிப் பிடிப்பதா என்று இத்துறையினரிடையே ஓயாத வாதம் நடக்கிறது. இரண்டிலும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மாற்றாமல் இருங்கள், அது போதும்.

அடுத்தது சிமுலேட்டர், அதாவது கணினித் திரையில் ட்ரோன் ஓட்டிப் பழகும் மென்பொருள். வெலோசிட்ரோன், லிஃப்ட்ஆஃப் போன்றவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். அதில் பறப்பதற்கு முன் ரேட் எனப்படும் சுழற்சி வேக அளவுகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான சிறு ட்ரோன்களில் ஓடும் பீட்டாஃபிளைட் மென்பொருளின் அண்மைய பதிப்புகளில், ‘ஆக்சுவல்’ ரேட் முறையில் நடு உணர்திறன் 70, உச்ச வேகம் வினாடிக்கு 670 பாகை என்ற அளவுகள் இயல்பாக வருகின்றன. ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளி ஒரு வினாடி பிடித்தால் ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று சுழன்றுவிடும் என்பது இதன் பொருள். ஆனால் பாதி தூரம் தள்ளினால் கிடைப்பது 335 அல்ல, சுமார் 185 பாகை மட்டுமே; நடுவில் மென்மையும் ஓரத்தில் கடுமையும் இருக்கும்படி அந்தக் கோடு வளைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் உச்ச வேகத்தை 400 அளவுக்குக் குறைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்கிறேன். பின்னர் ஓட்டப்போகும் ட்ரோனிலும் இதே எண்களை இடுங்கள். ஒவ்வொரு நாளும் ரேட்டை மாற்றிப் பார்ப்பவர் தன் பழக்கத்தை ஒவ்வொரு நாளும் அழித்துக்கொள்கிறார்.

சிமுலேட்டரில் முதல் நாட்கள்

அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவதைத்தான் முதலில் கற்க வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆக்ரோ முறையைப் பொறுத்தவரை அது கடைசியில் கற்க வேண்டியவற்றில் ஒன்று. நிற்கும் ட்ரோனில் ஒரு பாகைச் சாய்வுகூட மெல்ல நகர்வாக மாறும், அந்த நகர்வைக் கண் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும், அதற்குள் திருத்தம் மிகையாகிவிடும். மாறாக, மெல்ல முன்னோக்கிப் பறக்கும்போது, நாம் பார்த்து ஓட்டும் ட்ரோன் கேமராவின் காட்சி திரையில் சீராக ஓடுவதால் தவறு உடனே கண்ணில் படுகிறது. எனவே கேமராவை 15 பாகை அளவுக்கு மேல்நோக்கிச் சாய்த்துவைத்து, திறந்த வெளி ஒன்றைத் தேர்ந்து, த்ராட்டிலை உயர்த்தி மூன்று நான்கு மீட்டர் ஏறியதும் மூக்கைச் சற்றே தாழ்த்தி ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். அடிவானம் திரையின் நடுவில் நின்றால் ட்ரோன் ஏறத்தாழ 15 பாகை முன்னோக்கிச் சாய்ந்து, இதமான வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று அறியலாம். மேல்நோக்கிச் சாய்ந்த கேமராவால் கிடைக்கும் வசதி இதுதான்: அடிவானமே உங்களுக்குக் கருவிப் பலகையாகிவிடுகிறது.

இப்படிப் போகும்போதே வலப்புற ஸ்டிக்கை ஓர் இமைப்பொழுது வலப்பக்கம் தட்டிவிட்டு நடுவுக்கு விடுங்கள். அடிவானம் சாய்ந்து, சாய்ந்தபடியே நிற்கும். அதை இரண்டு வினாடி வேண்டுமென்றே பார்த்துக்கொண்டிருங்கள். ஆங்கிள் முறைக்குப் பழகிய மனம் ‘இதோ நிமிரும்’ என்று எதிர்பார்ப்பதும் அது நடக்காததும் அப்போது நன்கு புலப்படும். பிறகு இடப்பக்கம் அதே அளவு தட்டி நிமிர்த்துங்கள். தட்டுதல், விடுதல், எதிர்த்தட்டு, விடுதல் என்ற இந்தப் பயிற்சியை ரோலிலும் பிட்சிலும் மாறி மாறிச் செய்யுங்கள். ஸ்டிக்கை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் நீங்கி, எதிரசைவு யோசிக்காமல் வரத் தொடங்கும்வரை வேறு எதற்கும் போக வேண்டாம். சிலருக்கு இது ஒரே மாலையில் வந்துவிடும். எனக்கு நான்கு நாட்கள் ஆயின.

த்ராட்டில்தான் எல்லோரையும் திணறடிப்பது. முதல் காரணம், அதற்கு நடுநிலை என்று ஒன்றில்லை. பறக்க உதவும் அளவு பேட்டரிக்கும் வேகத்துக்கும் சாய்வுக்கும் ஏற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, அதன் விளைவு தாமதமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ட்ரோன் தாழ்கிறதே என்று உயர்த்தினால், தாழ்வு நிற்பதற்குள் மேலும் உயர்த்திவிடுகிறோம். உடனே அது வானத்தை நோக்கிப் பாய, பதறிக் குறைக்கிறோம். ஊஞ்சல் போல ஏறி இறங்கத் தொடங்கிவிடுகிறது. தாழ்வது தெரிந்ததும் ஸ்டிக்கை மிகச் சிறிதளவு மட்டும் உயர்த்தி, அரை வினாடி பொறுத்து விளைவைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்வதுதான் மருந்து. மூன்றாவது காரணம் சாய்வு. உந்துவிசை எப்போதும் ட்ரோனின் முதுகுப்புறமாகவே தள்ளுவதால், சாயும்போது அதில் ஒரு பகுதி பக்கவாட்டு இழுவைக்குப் போய்விடுகிறது. உயரம் குறையாமல் இருக்க 30 பாகைச் சாய்வில் சுமார் 15 விழுக்காடும், 45 பாகையில் சுமார் 41 விழுக்காடும் கூடுதல் விசை வேண்டும். 60 பாகையில் இருமடங்கு வேண்டும். ஆகவே திருப்பத்துக்காகச் சாய்க்கும் விரலும் த்ராட்டிலை உயர்த்தும் விரலும் சேர்ந்தே நகர வேண்டும். தாழ்ந்த பிறகு உயர்த்துவது எப்போதும் பிந்திய திருத்தமே.

திருப்பங்கள்

ரோலை மட்டும் கொடுத்தால் ட்ரோன் பக்கவாட்டில் நழுவும், மூக்கு பழைய திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். யாவை மட்டும் கொடுத்தால் மூக்கு திரும்பும், உடலோ பழைய திசையிலேயே வழுக்கிப் போகும். முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் நிலையில் அடிவானமும் கோணலாகும். நல்ல திருப்பம் என்பது முதலில் ரோல், உடனே அதே பக்கம் யாவ், கூடவே சிறிது த்ராட்டில், வளைவு இறுகும்போது பிட்சைச் சற்றே பின்னிழுத்தல், முடிவில் எதிர் ரோல் என்று ஐந்தும் ஒன்றில் ஒன்று கலந்து வருவது. எழுத்தில் படிக்கையில் மலைப்பாக இருக்கும். சைக்கிளில் திரும்புவதையும் எழுதிக் காட்டினால் இப்படித்தான் இருக்கும். இரண்டு மரங்களையோ கம்பங்களையோ குறியாக வைத்து எட்டு வடிவில் சுற்றுங்கள். எட்டு வடிவம் இடம், வலம் இரண்டையும் சம அளவில் கேட்பதால், எந்தப் பக்கத் திருப்பம் உங்களுக்குக் கைவரவில்லை என்பது பத்து நிமிடத்தில் அம்பலமாகும். அந்தப் பக்கத்துக்கே அதிக நேரம் கொடுங்கள்.

வேகத்தைக் குறைப்பதில் ஒரு பொறி உண்டு. நிறுத்துவதற்காக மூக்கைத் தூக்கினால், மேல்நோக்கிச் சாய்ந்த கேமராவில் வானம் மட்டுமே தெரியும். அதுவரை முன்னோக்கித் தள்ளிய விசை இப்போது மேல்நோக்கியும் பின்னோக்கியும் தள்ளுவதால் ட்ரோன் உயரே எழும்பிவிடும். எனவே மூக்கைத் தூக்கும்போதே த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். வேகம் அடங்கியதும் மூக்கை மீண்டும் சமமாக்கி, த்ராட்டிலைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தரையிறங்க, தாழ்ந்த உயரத்தில் மெல்ல வந்து, ஒரு சாண் உயரத்தில் த்ராட்டிலை முழுவதும் இறக்கி, தொட்டவுடன் மோட்டார்களை முற்றாக நிறுத்தும் டிஸார்ம் சுவிட்சைத் தட்டிவிடுங்கள். ஏர்மோடு வசதி இயங்கும் ட்ரோன்களில் த்ராட்டில் பூஜ்யத்தில் இருந்தாலும் மோட்டார்கள் சமநிலையைத் திருத்திக்கொண்டே இருக்கும். டிஸார்ம் செய்யத் தாமதித்தால் அது தரையில் துள்ளிப் புரளும்.

குழம்பிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சிமுலேட்டரிலேயே பழகிக்கொள்ளுங்கள். தலைகீழாக இருக்கும்போது த்ராட்டிலைக் கூட்டினால் சுழலிகள் ட்ரோனைத் தரையை நோக்கித்தான் தள்ளும். அதனால் முதல் அசைவு த்ராட்டிலைக் குறைப்பது. இரண்டாவது, அடிவானத்தைக் கண்டுபிடித்து, அருகிலுள்ள பக்கமாக ரோல் செய்து நிமிர்த்துவது. அதற்குப் பிறகே விசை கொடுப்பது. அதற்கு உயரம் போதாது எனில் மோதுவதற்கு முன்பே டிஸார்ம் செய்யுங்கள். கிளையிலோ புல்லிலோ சிக்கிய சுழலியைத் திருப்ப முயலும் மோட்டார், தன்னையும் தன்னை இயக்கும் மின்சுற்றையும் எரித்துக்கொள்ளும். விழுந்ததால் கெட்ட ட்ரோன்களைவிட விழுந்த பிறகும் த்ராட்டிலை விடாததால் கெட்டவையே அதிகம் என்பது என் கணிப்பு.

முதல் கரணம்

கரணத்தை ரோலில் தொடங்குங்கள், பிட்சில் வேண்டாம். பக்கவாட்டுச் சுற்றில் அடிவானம் திரையை விட்டு மறைவதில்லை. முன்பின் சுற்றில் வானமும் தரையும் மாறி மாறித் திரையை நிறைக்கும். செய்முறை எளிது: த்ராட்டிலை உயர்த்தி மேலேறுங்கள், ஏறும் வேகம் இருக்கும்போதே த்ராட்டிலைக் குறைத்து ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுவதும் தள்ளுங்கள், அடிவானம் நேராகும் தருணத்தில் விட்டுவிட்டுத் த்ராட்டிலை மீட்டுங்கள். ஏறும் வேகம் எதற்கு என்பதைக் கணக்கே சொல்லிவிடும். வினாடிக்கு 400 பாகை வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.9 வினாடி ஆகும். விசையின்றி அந்த நேரத்தில் ஒரு பொருள் ஏறத்தாழ 4 மீட்டர் விழும். வினாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது தொடங்கினால், சுற்று முடியும்போது புறப்பட்ட உயரத்திலேயே இருப்பீர்கள். ஆனால் அப்போது அதே வேகத்தில் கீழே வந்துகொண்டிருப்பீர்கள் என்பதால் த்ராட்டிலை மீட்பதில் தயங்கக் கூடாது. தரையிலிருந்து நல்ல உயரமும் வேண்டும்.

எத்தனை மணி நேரம் சிமுலேட்டரில் செலவிட வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்வதை நான் விரும்புவதில்லை. தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், மோதாமல் தொடர்ந்து ஐந்து முறை எட்டு வடிவில் சுற்றி, நினைத்த இடத்தில் இறங்க முடிந்தால் வெளியே போகலாம். ஒரே அமர்வில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, நாளுக்கு அரை மணி நேரம் என ஒரு வாரம் உட்காருவது அதிகப் பயன் தரும்.

நிஜ ட்ரோன்

முதல் ட்ரோன் 65 அல்லது 75 மி.மீ. அளவில், சுழலிகளைச் சுற்றி வளையம் கொண்ட, வூப் எனப்படும் வகையாக இருக்கட்டும். சுமார் 20 முதல் 30 கிராம் எடையுள்ள அது சுவரில் மோதினாலும் பெரும்பாலும் எடுத்து மீண்டும் பறக்கவிடலாம். ஐந்து அங்குலச் சுழலி கொண்ட ட்ரோனோ பேட்டரியோடு அரை கிலோவைத் தாண்டும். அதன் சுழலி விரலை ஆழமாக வெட்டும். பல நாடுகளின் விதிகள் 250 கிராமை ஒரு எல்லையாகக் கொள்கின்றன. ட்ரோன் கேமராவின் காட்சியைக் கண்முன் காட்டும் காகிள்ஸ் அணிந்து பறப்பவருக்கு அருகில், ட்ரோனை வெறுங்கண்ணால் கவனிக்கும் ஒருவர் நிற்க வேண்டும் என்றும் பல நாடுகள் கேட்கின்றன. உங்கள் நாட்டின் விதியை முதலில் படித்துக்கொள்ளுங்கள். அமைப்புகளை மாற்றும்போது சுழலிகளைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய நிலையிலேயே மோட்டார்களை ஓடவிட்டு ரிமோட்டை அணைத்து, அவை தாமாக நிற்கின்றனவா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் பறப்பது பாதுகாப்பானது போலத் தோன்றினாலும் ஆக்ரோவுக்கு அது கடினமான இடம். கூரையும் சுவர்களும் எட்டு வடிவத்துக்கு இடம் தருவதில்லை. காற்றில்லாத அதிகாலையில் ஒரு புல்வெளி மிகவும் பொருத்தம். ஆங்கிள் முறையை அவசரத்துக்காக ஒரு சுவிட்சில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். நான் வைத்துக்கொள்வதில்லை. பதற்றத்தில் அதைத் தட்டும்போது த்ராட்டில் பெரும்பாலும் உயரே இருக்கும். நிமிர்ந்த ட்ரோன் அம்பு போல வானத்தில் ஏறும்.

சிமுலேட்டர் சரியாகக் கற்றுத்தராதது பேட்டரியின் களைப்பு. முழுமையாக ஏற்றப்பட்ட சாதாரண லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒரு கலம் 4.2 வோல்ட் காட்டும். பறக்கப் பறக்க அது இறங்குவதால், முதல் நிமிடத்தில் போதுமானதாக இருந்த த்ராட்டில் மூன்றாம் நிமிடத்தில் போதாது. என் கைதான் தடுமாறுகிறது என்று எண்ணி ஒரு வாரம் முழுவதும் த்ராட்டில் வளைவைத் திருத்திக்கொண்டிருந்தேன். தடுமாறியது கை அல்ல, பழைய பேட்டரி. கலம் 3.5 வோல்ட் அளவுக்கு வந்ததும் ட்ரோனைத் தரையிறக்கிவிடுங்கள். சில நாட்கள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம்.

காகிள்ஸ் இன்றி, வெறுங்கண்ணால் பார்த்து ஆக்ரோவில் பறக்கவிடுவது தனிக் கலை. அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடிவானம் உதவாது, ட்ரோன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தொலைவிலிருந்தே கண்டறிய வேண்டும். ட்ரோனின் வால் உங்களைப் பார்க்கும்படி நின்று தொடங்குங்கள். மூக்கு உங்களை நோக்கித் திரும்பினால் இடமும் வலமும் மாறிவிடும். அப்போது எது இடம் என்று யோசித்துக்கொண்டிருக்காமல், உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கம் தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே வலப்புற ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த ஓரத்துக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் ட்ரோன் நிமிர்ந்துவிடும். மாதிரி விமானம் ஓட்டுபவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உபாயம் இது.